கட்டிங் மாஸ்டரின் அகல டயர்

அவருடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. பேரன் பேத்திகளோடு ஒரு குடும்பம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு நல்லபடியாக இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாராவது அங்கே போய்ச் சிரித்துவைத்தால் எனக்குத்தான் சங்கடம். மண்ணரையில் எங்கள் லைன் வீட்டில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒல்லியான ஆள். காற்றடித்து சட்டை முதுகோடு ஒட்டினால்தான் உள்ளே ஒருவர் இருப்பது தெரியும்.

குணத்தில் குறையே கிடையாது. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட 'கொஞ்சம் நகந்துக்குங்க' என்றுதான் சொல்வார். ஆனால் 'கொள்ளாது' என்கிற ஒரு சொல்லை மட்டும் அவர் வாழ்நாளில் ஒத்துக்கொண்டதில்லை. பெட்டியில் துணி கொள்ளாது, தூக்குப்போசியில் சோறு கொள்ளாது, பஸ்ஸில் ஆள் கொள்ளாது என்று யார் சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் அளந்து பார்ப்பார். பிறகு சொல்வார்: "எடம் இருக்குதுங்க."

அவிநாசி பஸ்ஸில் அவரோடு போனவர்களுக்கு இது தெரியும். பஸ் நிறைந்துவிட்டது என்று கண்டக்டர் கையை நீட்டி மறிப்பார். மாஸ்டர் அந்தக் கைக்கும் கதவுக்கும் நடுவே நுழைந்து உள்ளே போய்விடுவார். போனவர் சும்மா நிற்க மாட்டார். அடுத்த நிறுத்தத்தில் கீழே தயங்கி நிற்கிறவர்களைப் பார்த்து, "வாங்க வாங்க, எடம் இருக்குதுங்க" என்று அவரே ஏற்றிக்கொள்வார். ஒருமுறை இப்படி ஏற்றிக்கொண்டே போனதில் டிக்கெட் போட இறங்கிய கண்டக்டருக்கு இடமில்லாமல் போய்விட்டது. அவரைக் கீழேயே விட்டுவிட்டுப் பஸ் கிளம்பிப் போனது.

எங்கள் வரிசையில் குடிவந்த புதிதில் ஒரு தேக்குப் பீரோவோடு வந்தார். கதவைவிடப் பீரோ அகலம். வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். மாஸ்டர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்து கதவு நிலையையே பெயர்த்தெடுத்து, பீரோவை உள்ளே விட்டு, மறுபடி நிலையை வைத்துப் பூசிவிட்டார். வீட்டுச் சொந்தக்காரர் ஓடிவந்து, "காலி பண்ணும்போது எப்பிடீங்க வெளிய எடுப்பீங்க?" என்று கேட்டார். "அப்பத்து எடத்த அப்பப் பாத்துக்கலாமுங்க" என்றார் மாஸ்டர். பல வருஷம் கழித்து அவர் அமராவதி நகர்ப் பக்கம் நூல் கடை வைக்கப் போனபோது பீரோ போகவில்லை. அடுத்து வந்த குடித்தனம் அதற்குள் துணி வைத்துக்கொண்டது.

கம்பெனியிலும் அதே கதைதான். ஒரே துணி விரிப்பில் இன்னும் இரண்டு உருப்படி எடுக்க இடம் இருக்கிறது என்று அக்குள் வளைவை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் நெருக்கி வெட்டிவிட்டார். முதலாளிக்கு ஏகச் சந்தோஷம். தைத்து வந்ததில் ஒன்றை எடுத்துத் தானே போட்டுப் பார்த்தார். போடும்போது ஏறிவிட்டது. கழற்றும்போது பாதியில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையும் தலைக்குமேல் நின்றுவிட்டன. அந்த நேரம் பார்த்துப் பம்பாயிலிருந்து சரக்குப் பார்க்க வந்த சேட்டு உள்ளே நுழைந்தார். முதலாளி தன்னைக் கும்பிடுகிறார் என்று நினைத்து அவரும் தலைக்குமேல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கத்தரிக்கோலோடு ஓடிவந்த மாஸ்டர், வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மூச்ச இழுத்துப் புடிச்சுப் பாருங்க மொதலாளி. எடம் இருக்குதுங்க."

அப்படிப்பட்டவரிடம் அந்தச் சைக்கிள் வந்து சேர்ந்தது.

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் மிஷின் பூட்ட வந்திருந்த வெள்ளைக்கார இஞ்சினியர், ஊருக்குத் திரும்பும்போது பங்களாவிலேயே விட்டுவிட்டுப் போன சைக்கிள். அங்கே சமையல் வேலை பார்த்த மாஸ்டரின் மாமன் அதில் ஏறிப் பார்த்து, விழுந்து, எழுந்து, "எனக்கு வேண்டாஞ்சாமி" என்று மருமகனிடம் தள்ளிவிட்டார். பந்தயத்துக்கென்று செய்தது. முழுக்க எஃகு, சுண்டினால் மணிச் சத்தம் வரும். ஆனாலும் ஒரு கையால் தூக்கலாம். கைப்பிடி கிடாக்கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதைப் பிடித்து ஓட்டுகிறவர், தெருவில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போலக் குனிந்தே போக வேண்டும். வெள்ளைக்காரர் நெட்டை போலிருக்கிறது. மாஸ்டருக்குப் பெடல் எட்டியும் எட்டாமலும் இருக்கும். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும். டயர்கள் என் கட்டைவிரல் அகலம்தான். எங்கள் தெருவோ பாதி புழுதி, பாதி ஜல்லி. புழுதியில் சக்கரம் புதையும், ஜல்லியில் பஞ்சராகும். மாஸ்டருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. சாயங்காலமானால் எண்ணெய் போட்டுத் துடைத்து வாசலில் சாய்த்து வைப்பார். அதன் நிழல்கூட நன்றாக இருக்கிறது என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

பிறகு அவருக்குக் கல்யாணமானது. நெருப்பெரிச்சல் தாண்டி ஒரு கிராமத்துப் பெண். அவர் அவளை அம்மிணி என்று கூப்பிடுவார். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். வாட்டசாட்டமான பெண். காட்டுக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்து வளர்ந்த தோள். வீட்டுக்குள் சிரித்தால் லைன் வீட்டின் கடைசிக் கதவுவரை கேட்கும். இவர் ஒல்லி, அவள் பூசினாற்போல் இருப்பாள் என்றாலும் இரண்டு பேரும் நின்றால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணமாகி வந்த முதல் கிருத்திகைக்கு முருகன் கோயிலுக்குக் கிளம்பினார்கள். இதற்கென்றே பழைய கேரியர் ஒன்றை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார் மாஸ்டர். அம்மிணி தலை நிறையப் பூவோடு பின்னால் உட்கார்ந்தாள். தெருமுனை டீக்கடைவரை போயிருப்பார்கள். பின் டயர் வெடித்தது. வேட்டு போட்ட மாதிரி சத்தம். அடுப்பில் பால் பொங்கியதைக்கூட விட்டுவிட்டு டீக்கடைக்காரர் வெளியே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "பொதி ஏத்தறதுக்குக் கட்டவண்டி வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே அனுப்பியிருப்பமுங்களே மாஸ்டர்."

எங்கள் ஊரில் கிண்டலுக்கும் 'ங்க' உண்டு. அதனால்தான் அதிகமாக வலிக்கும்.

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அம்மிணி இறங்கினாள். கோயில் பக்கம் திரும்பாமல் வீட்டுப் பக்கம் நடந்து வந்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது அந்தத் தேக்குப் பீரோவில் சாய்ந்து உட்கார்ந்து, தலைப்பூவை எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

"அக்கா, இனி அந்தச் சைக்கிள்ல நான் ஏற மாட்டனுங்க" என்றாள். "ஏறச் சொல்லி அவரும் கேக்கக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது."

அன்று தொட்டு அவள் எங்கேயும் நடந்தே போனாள். மாஸ்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடப்பார். அவள் சிரிப்பது கடைசிக் கதவுவரை கேட்பது நின்றுபோயிற்று. அது எனக்கே என்னவோ போலிருந்தது.

எல்லோரும் அவரிடம் ஒரே யோசனையைத்தான் சொன்னோம். இந்தப் பந்தயச் சைக்கிளைத் தள்ளிவிட்டு, ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற மாதிரி ஒரு சாதாரணக் கனத்த சைக்கிள் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. என் வீட்டுக்காரர் ஜின்னிங் ஃபேக்டரியில் ஃபிட்டர். இரும்பைப் பற்றி அவர் சொன்னால் மண்ணரையில் மறுபேச்சு கிடையாது. அவரும் அதையே சொன்னார். மாஸ்டர் எல்லோருக்கும் தலையை ஆட்டினார். பிறகு ஒருநாள் அம்மிணி தண்ணிக்குப் போயிருந்த நேரம் பார்த்து எங்கள் வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சைக்கிள மாத்துனா, ஊட்டுக்காரி கனத்துக்குப் பயந்து மாத்திட்டான்னு ஊரு சொல்லுமுங்க. அவ காதுலயும் உழுகும். டயர மட்டும் மாத்துனா, கோளாறு டயர்லதான்னு ஆயிருமுங்களே. அகல டயரா ரெண்டு போட்டுட்டம்னா தீந்துச்சுங்க."

"இந்தச் சைக்கிளுக்கு அகல டயர் எங்கீங்க கொள்ளும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

மாஸ்டர் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடினார். என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை.

சைக்கிள் கடைக்காரர் முதலிலேயே கையைக் கட்டிக்கொண்டார். "இது ஏறாதுங்க. நம்ம ஊரு டயர் இந்த ரிம்முக்கு ஒரு நூலு பெருசு, லொடலொடன்னு கெடக்கும். அப்பிடியே மாட்டுனாலும் போர்க்குக்கு நடுவுல நொழையாது. பிரேக்குக் கட்டையும் இடிக்கும்" என்று மூன்று வகையாகச் சொல்லிப் பார்த்தார். மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து பனியன் அளக்கும் டேப்பை எடுத்து அளந்தார். டேப்பும் கடைக்காரர் பக்கம்தான் பேசியது. மாஸ்டர் டேப்பை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு, "காத்த எறக்கிட்டு நொழச்சுப் பாக்கலாமுங்க" என்றார்.

காற்றில்லாமல் தட்டையாகக் கிடந்த டயர், சப்பென்று போர்க்குக்கு நடுவே போய்விட்டது. கடைக்காரரே கொஞ்சம் ஆடிப்போனார். பிறகு பம்பை வைத்துக் காற்றடித்தார்கள். டயர் உப்பி இரண்டு பக்கக் கம்பியையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சக்கரம் இந்தப் பக்கமும் சுற்றவில்லை, அந்தப் பக்கமும் சுற்றவில்லை. மாஸ்டர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு வழியாக வீட்டுக்கு வந்தார். முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

"ஏறிருச்சுங்க" என்றார்.

"ஏறிருச்சு. ஓடுமுங்களா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஓடறது வேற விசயமுங்க."

அடுத்து அவர் செய்த காரியத்தை நான் இன்னும் மன்னித்து முடிக்கவில்லை. டயரின் பக்கவாட்டைக் கொஞ்சம் தேய்த்தால் சுற்றும் என்று முடிவு செய்திருக்கிறார். தேய்ப்பதற்குச் சொரசொரப்பான கல் வேண்டும். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், புதிதாகக் கொத்திவைத்த என் அம்மியைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். என் வீட்டுக்காரரும் எதற்கு என்று கேட்காமல் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுச் சட்னியில் ரப்பர் வாசம். மிளகாயை எவ்வளவு வைத்து அரைத்தாலும் அந்த வாசம்தான் முன்னால் வந்தது. நான் மாஸ்டரிடம் கேட்டேவிட்டேன். அவர் ஒரு விரல் சட்னியை வாயில் போட்டுச் சப்பிப் பார்த்து, "தேங்கா கொஞ்சம் சேத்துக்குங்க, சரியாயிருமுங்க" என்றார்.

அம்மி போதாதென்று உலக்கையும் போயிற்று. பின்பக்கக் கம்பிகளுக்கு நடுவே உலக்கையைக் கொடுத்து நெம்பி அகட்டினால் இடம் கிடைக்கும் என்று என் வீட்டுக்காரரே யோசனை சொல்ல ஆரம்பித்திருந்தார். அதுதான் மாஸ்டரின் விசேஷம். முதல் நாள் முடியாது என்று சொன்னவர்கள் நாலாம் நாள் அவருக்காக உலக்கை பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் சைக்கிளைக் காலால் மிதித்துப் பிடிக்க, ஒருவர் நெம்ப, எஃகு முனகியது. மாஸ்டர் கண்ணில் தண்ணீர். "மன்னிச்சுக்குங்க" என்று சைக்கிளிடம் சொல்லிவிட்டு இன்னும் ஒரு நெம்பு நெம்பினார்.

ரிம்மும் டயரும் ஒட்டாமல் லொடலொடத்ததற்கு மருந்து கம்பெனியிலேயே இருந்தது. கட்டிங் டேபிளுக்கு அடியில் மலையாகக் கிடக்கும் பனியன் வேஸ்ட்டை நாடா நாடாவாகக் கிழித்து, ரிம்மின் பள்ளத்தில் சுற்றி, அதன்மேல் டயரை மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது, அதாவது முக்கால்வாசி. ஒரு இடத்தில் சுற்று கொஞ்சம் கூடிப்போய் மேடாகிவிட்டது. பிரேக்குக் கட்டைகள் அகல டயரைத் தாண்டி இறங்க மறுத்ததால் அவற்றைக் கழற்றிப் பீரோவுக்குள் போட்டுவிட்டார்.

"பிரேக்கு இல்லாம?" என்று கேட்டேன்.

"செருப்பு இருக்குதுங்களே" என்றார்.

சைக்கிள் ஓடியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், உண்மையிலேயே ஓடியது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த மேடு ஒருமுறை தூக்கிப்போடும். கூடவே டயர் கம்பியில் உரசி 'ஸ்ர்ர்க்' என்று ஒரு சத்தம். மாஸ்டர் எழும்பி எழும்பி உட்கார்ந்துகொண்டு போவார். தெரு நாய்களுக்கு அந்தச் சத்தம் மிகவும் பிடித்துவிட்டது. கம்பெனிவரை கூட ஓடிவிட்டுத் திரும்பும்.

பாரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் பனியன் வேஸ்ட் பொதி ஒன்றைக் கேரியரில் கட்டித் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டினார். போதவில்லை என்று இன்னொன்றையும் கட்டினார். மூன்றாவது பொதியைத் தூக்கும்போது அம்மிணி குடத்தோடு வந்து நின்றாள்.

"நான் எத்தன பொதிக்குச் சமம்னு பாக்கறீங்களா?" என்றாள் அமைதியாக.

மாஸ்டர் பொதியைக் கட்டிப்பிடித்தபடியே நின்றார். கீழே வைக்கவும் தெரியவில்லை, மேலே ஏற்றவும் தெரியவில்லை. "இல்ல அம்மிணி," என்றார் கடைசியில், "நீ ஏற மாட்டீன்னுட்ட. சும்மா போறதுக்குப் பொதியாச்சும் வரட்டும்னுதான்."

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, அடக்கிப் பார்த்து முடியாமல், அந்தப் பழைய சிரிப்பு வெடித்தது. கடைசிக் கதவுவரை கேட்டது. ஆனாலும் ஏற மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பட்டுச்சேலை கட்டி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டிய சீர். அவள் வந்து உட்காராமல் அவன் மணவறைக்குப் போக முடியாது. தம்பிக்கு இவள் ஒருத்திதான் அக்கா. நாலைந்து நாள் முன்னதாகவே போயிருக்க வேண்டியவள். வீட்டுக்காரர் இல்லாமல் தனியாக வந்தாயா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்று, மாஸ்டருக்கு லீவு கிடைக்கும்வரை காத்திருந்தாள். சீர் நடக்கிற அன்றைக்கு மத்தியானம் தெருமுனைக்குப் பஸ்ஸுக்குப் போனார்கள். கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். எங்கள் சைக்கிளில் நானும் என் வீட்டுக்காரரும் அவர்கள் பின்னாலேயே போனோம். மாஸ்டர் வழக்கம்போலத் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பஸ் கூரையில் போட்டுக்கொள்ளலாமாம்.

பஸ் வரவில்லை. வழியில் எங்கேயோ இஞ்சின் சூடாகிப் படுத்துவிட்டது என்று நடந்து வந்த ஒருவர் சொன்னார். பொழுதோடு சீர், இருட்டுவதற்குள் நடக்க வேண்டும். வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. அம்மிணி பட்டுச்சேலையில் ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை. டீக்கடை பெஞ்சு முழுக்க ஆள்.

"ஏனுங்க," என்றாள் திடீரென்று. "அந்த டயர் தாங்குமுங்களா?"

மாஸ்டர் தலையைச் சாய்க்கவில்லை, கண்ணை மூடவில்லை. "தாங்கும் அம்மிணி" என்றார்.

அவள் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் ஒரு தூக்குத் தூக்கிப்போட்டு, 'ஸ்ர்ர்க்' என்று கிளம்பியது. வெடிக்கவில்லை. நாய்கள் இரண்டு கூட ஓடின. நாங்களும் பின்னாலேயே கிளம்பினோம்.

நெருப்பெரிச்சல் போகிற வழியில் அப்போது ஒரு நீளமான இறக்கம் இருந்தது. இறக்கத்தின் அடியில் கிணற்றோரமாக ஒரு சலவைப் பட்டறை. வெளுத்த பனியன் துணியைக் குழாய்க் குழாயாகக் கயிற்றில் தொங்கவிட்டுக் காயப்போட்டிருப்பார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று ஒரு காடு மாதிரி இருக்கும். இறக்கத்தில் சைக்கிள் வேகம் பிடித்தது. மாஸ்டர் செருப்பைத் தரையில் ஊன்றினார். ஒரு செருப்பு கழன்று எங்களைத் தாண்டிப் பின்னால் போயிற்று. மற்றதும் போயிற்று. அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்டது, அவர் அதுவரை சொல்லியே இராத ஒரு வார்த்தை.

"எடம் விடுங்க! எடம் விடுங்க!"

விடுவதற்கு அங்கே யாரும் இல்லை. சைக்கிள் ரோட்டை விட்டு இறங்கி நேராக வெள்ளைத் துணிக்குள் நுழைந்தது. கயிறு அறுந்தது. முதலில் நாய்கள் வெளியே வந்தன. பிறகு துணிக் குவியல் ஒன்று அசைந்தது. நாங்கள் ஓடிப்போய்ப் பிரித்தோம். மாஸ்டர் ஒரு துணிக் குழாய்க்குள் தலைவழியாகப் போய் மாட்டிக்கொண்டிருந்தார். ஆள் ஒல்லி என்பதால் அளவாக இருந்தது. அம்மிணி துணி மெத்தைமேல் விழுந்து, ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்து, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பட்டறைக்காரர் வந்து நின்றார். "வெளுத்த துணீங்க" என்றார் பரிதாபமாக.

மாஸ்டரைக் குழாயிலிருந்து உருவி எடுத்தபோது கணுக்கால் சுளுக்கி வீங்கியிருந்தது. காலை ஊன்ற முடியவில்லை. முன் டயர் ரிம்மை விட்டு வந்துவிட்டது. உள்ளே சுற்றிய பனியன் நாடாக்கள் குடல் மாதிரி வெளியே தொங்கின. பொழுது வேறு இறங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் எங்கள் சைக்கிளை முன்னால் தள்ளினார். "மாஸ்டர உக்கார வெச்சு நான் மிதிக்கிறனுங்க. நீங்க ரெண்டு பேரும் நடந்து வாங்க."

"நடந்தா இருட்டீருமுங்க. நான் போகாம சீரு நடக்காது" என்றாள் அம்மிணி. மாஸ்டரின் சைக்கிளை நிமிர்த்தினாள். கிழிந்து போன துணியில் கொஞ்சம் கொடுங்கள் என்று பட்டறைக்காரரிடம் கேட்டாள். அவர் எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை, கொடுத்தார். என் வீட்டுக்காரர் டயரை ரிம்மோடு சேர்த்து, ஆரக்கால்களுக்குள் விட்டு விட்டு எடுத்து, அடிபட்ட காலுக்குக் கட்டுப்போடுகிற மாதிரி சக்கரம் முழுக்கச் சுற்றிக் கட்டினார்.

அம்மிணி கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். கிடாக்கொம்புக் கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப் போட்டு, சீட்டில் உட்கார்ந்தாள். கால் இரண்டும் பெடலில் அளவெடுத்து வைத்த மாதிரி பதிந்தன. அந்த நெட்டை வெள்ளைக்காரருக்குப் பிறகு அந்தச் சைக்கிளுக்குப் பொருத்தமான ஆள் அன்றுதான் ஏறினார்.

மாஸ்டர் ஒற்றைக்காலில் நின்றபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குச் சைக்கிள் உடத் தெரியுமா அம்மிணி?"

"தம்பிக்குக் கத்துக் குடுத்ததே நானுங்க."

"சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லீங்களே. பின்னால ஏறுன்னுதான சொன்னீங்க. உக்காருங்க, நேரமாச்சு."

அவர் உட்கார்ந்தார். அவள் மிதித்தாள். ஒரு மிதியில் பட்டறையைத் தாண்டி, அடுத்த மேட்டைச் சும்மா ஏறிவிட்டாள். என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க மிதித்தும் எட்டிப்பிடிக்க முடியவில்லை. மாஸ்டர் ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலை முன்னால் நீட்டியபடி போனார். பிரேக்குக்கு இப்போது அவருடைய நல்ல கால்தான். இறக்கம் வந்தால் அவள் சொல்வாள், அவர் ஊன்றுவார்.

அவர்கள் ஊருக்குள் நுழைந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. பந்தல் வாசலில் சொந்தக்கார ஒறம்பரைக் கூட்டம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை மாலையோடு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தான். பட்டுச்சேலையில், கட்டுப்போட்ட சக்கரத்தோடு, வீட்டுக்காரரைப் பின்னால் வைத்துக்கொண்டு அக்கா வந்து இறங்கியதும் மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். அவள் யாரையும் பார்க்கவில்லை. கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, தம்பியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தெருக்கோடியிலிருந்தே இதைப் பார்த்தபடி நாங்கள் அப்போதுதான் வந்து சேர்ந்தோம்.

மாஸ்டர் தனியாக மாட்டிக்கொண்டார். செருப்பில்லை. சட்டையில் சலவைச் சுண்ணாம்பு. ஊர் முழுக்க அவரைச் சுற்றி நின்றது. மாமனார் முன்னால் வந்து, சைக்கிளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். "ஏனுங் மாப்பிள்ளெ, நீங்க பின்னால உக்காந்துட்டு வாறீங்க?"

மாஸ்டர் வேட்டியை உதறி நேராக்கினார். "டயர் புதுசுங்க மாமா. அகல டயர். எப்பிடி இருக்குதுன்னு முன்னால உக்காந்தா தெரியறதில்லீங்க. பின்னால உக்காந்து பாத்தாத்தான் தெரியுது."

"எப்பிடி இருக்குதுங்க?"

"குலுக்கலே இல்லீங்க."

மாமனார் குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ரொம்ப நேரம் அழுத்தினார். நிமிர்ந்தபோது மீசை மட்டும் கொஞ்சம் ஆடியது.

"நல்ல டயருதானுங்க மாப்பிள்ளெ" என்றார். "திரும்பிப் போறப்பவும் பின்னாலயே உக்காந்துக்குங்க."

அப்படித்தான் போனார்கள்.